மாதிரித் தண்ணீர்

எங்கள் சந்துத் தண்ணீர் இனிக்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர்கள் நாங்களேதான். வெளியாள் யாரும் வந்து எங்களை ஏமாற்றவில்லை. சந்தின் கடைசியில் பழைய டியூப்லைட்டுகளை உடைக்கிற கிடங்கு இருந்தது. முதலாளி அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டு, ஒரு குழாயைச் சுவருக்கு வெளியே எங்கள் பக்கம் நீட்டி விட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த தெருக்காரர்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு தவம் கிடந்தபோது நாங்கள் சைக்கிள் கழுவக்கூட அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றினோம். புண்ணியவான் என்று முதலாளியை வாழ்த்தாத வாய் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் பல்லை மட்டுமா, மாட்டையே பார்க்கவில்லை.

குழாய்க்கு மூன்றாவது வீடு டெய்லரக்காவுடையது. நானும் அங்கேதான் வேலை செய்தேன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை. சட்டையை அவர் தைப்பார், நான் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பேன். ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் இரண்டு மெஷின், நடுவில் நீலத் துணி மலை. அந்த மலையைத் தள்ளிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும், தூங்கவும் வேண்டும். அக்காவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்துவிட்டது. மெஷின் பலகையின் விளிம்பு முட்டும். ஒரு கையால் வயிற்றை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் துணியைத் தள்ளுவார். முதல் பிள்ளை தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்று, படிக்கட்டு ஏறும்போதுகூட வயிற்றிடம் அனுமதி கேட்டு ஏறுகிறவர் போல ஏறுவார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்த்தவர், நூலை எச்சில் தொட்டு எச்சில் தொட்டு நுனியையே கரைத்துவிட்டு என்னிடம் நீட்டுவார். காலர் தையல் பாம்பு போன மாதிரி போனது. கான்டிராக்டர் ஒரு கட்டு சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டரிடம் போனோம். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குச் சத்துக் குறைவு, மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். சொன்ன சொல் தட்டாமல் அக்கா சொம்பு சொம்பாகக் குடித்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அக்காவின் வீட்டுக்காரருக்கு அந்தக் கிடங்கில்தான் வேலை. கத்தை கத்தையாக வருகிற பழைய டியூப்லைட்டுகளைப் பீப்பாய் வாயில் வைத்து இரும்புக் கம்பியால் தட்டுவார். வெள்ளைத் தூள் புகை மாதிரி எழும்பும். முனையிலிருக்கும் தகரத்தைத் தனியே பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணாடிச் சில்லைச் சிமெண்டுத் தொட்டியில் கொட்டிக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் கிணற்றுக்குப் பின்னாலிருந்த குழியில் இறங்கிவிடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. "என்னைய டியூப்லைட்டுன்னு சொல்லாதீங்கப்பா, நான் டியூப்லைட்டுக்கே எமன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தலைமுடியிலும் புருவத்திலும் மாவு மில்லுக்காரர் போல வெள்ளை ஒட்டியிருக்கும்.

வீட்டில் இன்னொருத்தி அக்காவின் தங்கை. அப்பா அம்மா போன பிறகு அக்காதான் அவளை வளர்த்தது, படிக்க வைத்தது. அவள் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பட்டம் வாங்குவதற்கு முன்பே எங்கள் சந்து அவளுக்கு டாக்டரம்மா என்று பட்டம் கொடுத்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் அவள் சின்னவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டாக்டரம்மா முகமெல்லாம் பல்லாக வந்தாள். கையில் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி. அதில் வெளிறிய டீ மாதிரி ஏதோ கொஞ்சம்.

"அக்கா, கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க! வெளிநாட்டுப் பத்திரிகை. இனிமே பட்டம் வாங்க ஒரு படிதான் பாக்கி."

"என் ராசாத்தி! அது என்னடி கையில, இருமல் மருந்தா?"

"மருந்தா? தங்கம்க்கா."

"தங்கமா இது? நகைக்கடையில போய்ச் சொல்லு, நாயை அவுத்து விடுவான்."

"ஜன்னல மூடு, காட்டறேன்."

நான் ஒரு சுருள் நீலத் துணியை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த ஊதா விளக்கை அவள் பையிலிருந்து எடுத்துக் குப்பியில் அடித்தாள். டீத்தண்ணீர் செக்கச்செவேல் என்று எரிந்தது. அடுப்புத் தணல் மாதிரி, ஆனால் சூடில்லாமல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"நெஜமாவே தங்கம்தான்க்கா. ஆனா பொடி. அந்தப் பொடியக் கண்ணால பாக்க முடியாது, சாதா மைக்ராஸ்கோப்புல கூடத் தெரியாது. அவ்வளவு சின்னதா ஆயிட்டா தங்கம் மஞ்சளா மின்னாது, இப்படி சிவப்பா ஒளிரும். முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு சமாச்சாரத்துக்குள்ள அதைப் பொதிஞ்சு வெச்சிருக்கேன்."

"இது எதுக்குடி ஆகும்?"

"தண்ணியில பாதரசம் இருக்கான்னு பாக்க. பாதரசம் வந்துச்சுன்னா ஓடிப் போய்த் தங்கத்தோட ஒட்டிக்கும். ஒட்டினா வெளிச்சம் போயிடும். விளக்கு எரிஞ்சா நல்ல தண்ணி, அணைஞ்சா விஷம். அவ்வளவுதான்."

"கெட்டிக்காரி. இரு, உங்க மாமா பாக்கட்டும்."

அவள் மாமாவைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள். அவர் டீக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் வரச் சொல்லுகிற சத்தம் கேட்டது. இங்கே அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆள் கூடினால் டீயில் ஒரு தம்ளர் தண்ணீரைச் சேர்த்துச் சரிக்கட்டுகிறவர் அவர். குப்பியோ கட்டைவிரல் உயரம், பார்க்கப் போகிறவர்கள் நாலு பேர். கண்ணாடித் தம்ளரில் அதைக் கவிழ்த்து, குடத்திலிருந்து தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டார்.

"எல்லாரும் நல்லாப் பாக்கலாம்" என்று என்னிடம் சிரித்தார்.

டாக்டரம்மா வந்து விளக்கை அடித்தாள். ஒன்றுமில்லை. கிட்டே கொண்டுபோய் அடித்தாள். வெறும் ஊதா நிறம்தான் தம்ளரில் விழுந்தது.

"என்ன டாக்டரம்மா, பல்பு ஃபியூஸா?" என்றார் மாமா. "எங்க கிடங்குக்குக் குடுத்துடு, உடைச்சுடறேன்."

"அக்கா, இதுல என்ன ஊத்தினே?"

"தண்ணிதான். கொஞ்சமா இருக்கேன்னு..."

"தண்ணி ஊத்தினா நீர்த்துப் போகாதா?" என்றார் டீக்கடைக்காரர். "என் கடை டீயே அப்படித்தானே."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தாள். டீக்கடைக்காரரிடம், கடையில் விற்கிற சீல் வைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்று வேண்டும் என்றாள். வந்தது. வேறு இரண்டு தம்ளர் எடுத்து, குப்பியைச் சமமாகப் பிரித்து ஊற்றினாள். ஒன்றில் பாட்டில் தண்ணீர். ஒன்றில் எங்கள் தண்ணீர். பாட்டில் தண்ணீர் கொஞ்சம் மங்கி, ஆனால் சிவப்பாகவே எரிந்தது. எங்களுடையது பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகிப்போனது.

"அப்ப பாட்டில் அழுக்கு இல்ல" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "எந்த பாட்டில்?"

"ஒன்னுமில்லக்கா."

"எந்த பாட்டில்டி?"

டாக்டரம்மா துணி மலையின் மேலேயே உட்கார்ந்தாள். "கட்டுரை எழுதினா கடைசியில ஒரு அட்டவணை போடணும்க்கா. லேப்ல மட்டும் இல்ல, மனுஷங்க குடிக்கிற தண்ணியிலயும் இது வேலை செய்யுதுன்னு காட்டணும். மாதிரித் தண்ணின்னு சொல்லுவோம். அதுக்கு நம்ம வீட்டுத் தண்ணிய எடுத்துட்டுப் போனேன். முதல்ல சும்மா தண்ணியப் பாக்கணும், அது எரியணும். அப்புறம் நாங்களே அளந்து பாதரசத்தச் சேர்ப்போம், அது அணையணும். ஆனா நம்ம தண்ணி நான் எதையும் சேர்க்கறதுக்கு முன்னாடியே அணைஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

"சார் கிட்ட சொன்னேன். பாட்டில் சரியாக் கழுவியிருக்க மாட்டே, இந்த மாதிரி கெட்டா கட்டுரையே கெட்டுடும், வேற தண்ணி எடுன்னாரு. காலேஜ் ஃபில்டர் தண்ணிய எடுத்தேன். அது சரியா வந்துச்சு. அதைப் போட்டோம்."

"இது எப்போ நடந்துச்சு?"

அவள் காலிக் குப்பியின் மூடியைத் திருகினாள்.

"எப்போன்னு கேட்டேன்."

"உனக்கு வாந்தி ஆரம்பிச்ச சமயம்."

அக்கா நடுங்கிய கையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். நான் அவர் அருகில் போய் நின்றேன், விழுந்துவிடுவாரோ என்று. விழவில்லை.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"தப்பா இருக்கும்னு சார் சொன்னாரு. நானும் தப்புன்னுதான்க்கா நெனச்சேன்."

"நெனச்சியா? இல்ல, அப்படி நெனச்சா உனக்கு வசதின்னு நெனச்சியா?"

"விடு, விடு" என்றார் வீட்டுக்காரர். "தம்ளர் வெளக்கு வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? பாதரசம் டியூப்லைட்டுலயும்தான் இருக்கு. நான் நாள் பூரா அந்தத் தூள்லயேதான் நிக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?"

"காலையில பல்லு வெளக்கறப்ப ரத்தம் துப்புறீங்களே, அது என்னவாம்? வெத்தலையா?"

"சத்தமாப் பேசாத. முதலாளி காதுல விழுந்தா நாளைக்கு அடுப்பு எரியாது."

"அடுப்பு எரிஞ்சு என்ன, அதுல கொதிக்கிறது இந்தத் தண்ணிதானே?"

டீக்கடைக்காரர் மெதுவாக நழுவினார். போகிறபோது, "கண்ணாடி மாதிரி இருக்கற தண்ணியப் போய்..." என்று முனகிக்கொண்டே போனார். அந்தக் கடையின் டீ முழுவதும் எங்கள் குழாய்த் தண்ணீரில்தான் கொதித்தது.

மறுநாள் அக்கா மெஷினில் உட்காரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சின்னவளை முன்னால் போகச் சொல்லி, என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டார். வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அக்கா உட்காரவில்லை. ஒரு பழைய ஜூஸ் பாட்டிலில் எங்கள் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியரின் அறை குளுகுளுவென்றிருந்தது. நல்ல மனிதர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இப்படிப்பட்ட நல்லவர்களிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அக்காவுக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, தன் பாட்டிலை மேஜையில் வைத்தார்.

"சார், இது எங்க வீட்டுத் தண்ணி. இதுல பாதரசம் இருக்கா, இல்லையா?"

"அம்மா, பதட்டப்படாதீங்க. நாங்க செய்யறது இன்னும் ஆராய்ச்சி நெலையிலதான் இருக்கு. இத வெச்சுக்கிட்டு ஒரு தண்ணியப் பத்தி இப்படி அப்படின்னு சொல்லிட முடியாது. பெரிய கருவியில போட்டு உறுதி பண்ணணும்."

"அப்ப போடுங்க."

"அது வேற துறையில இருக்கு. கேட்டு, அவங்க நேரம் ஒதுக்கி..."

"அன்னிக்கு இவ வந்து அணைஞ்சுடுச்சுன்னு சொன்னாளே, அன்னிக்கு ஏன் சார் போடல?"

"அன்னிக்கு அது பிழைன்னு பட்டுச்சு. சாதாரணத் தண்ணியில அவ்வளவு பாதரசம் வர வாய்ப்பே இல்ல. செம்பு இருந்திருக்கலாம், இரும்பு இருந்திருக்கலாம், அதனாலயும் வெளிச்சம் போகும்."

"போகாது சார்" என்றாள் டாக்டரம்மா.

பேராசிரியர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"செம்பு வந்தாலும் இரும்பு வந்தாலும் போகாதுன்னுதான் சார் நாம எழுதியிருக்கோம். பாதரசத்துக்கு மட்டும்தான் அணையும்னு. அதுக்காகத்தானே ஏத்துக்கிட்டாங்க."

"சரிம்மா, ஆனா பாட்டில்? நீ அன்னிக்குப் பாட்டில ஒழுங்காக் கழுவல, இல்லையா?" குரல் கனிவாகத்தான் இருந்தது. கதவைத் திறந்துவிட்டு, இப்படி வெளியே வா என்று கூப்பிடுகிற கனிவு.

"கழுவினேன் சார். அமிலத்துல ஊறவெச்சு, அப்புறம் சுத்தத் தண்ணியில அலசி, காய வெச்சுத்தான் எடுத்துட்டுப் போனேன். அன்னிக்கும் சொன்னேன்."

"யோசிச்சுப் பேசு. கட்டுரை இன்னும் அச்சாகல. உன் பட்டமும் அதுலதான் தொங்குது."

"தெரியும் சார்."

"அது என்ன சார் நியாயம்?" என்றார் அக்கா. "உங்க சாமான் சரின்னா எங்க தண்ணி விஷம். எங்க தண்ணி நல்லதுன்னா உங்க சாமான் பொய். ரெண்டுல ஒன்னச் சொல்லுங்க, நான் பேசாமப் போயிடறேன்."

"அப்படி ஒரேயடியா... நான் எழுதிக் கேக்கறேன்மா. அதுவரைக்கும் நாலு பேர் கிட்ட சொல்லிப் பீதியக் கெளப்பாதீங்க. தப்பாப் போச்சுன்னா எல்லாருக்கும் சங்கடம்."

"உங்களுக்கு அது ஒரு அழுக்கு பாட்டில் சார். கீழ ஊத்திட்டு வேற எடுத்துட்டீங்க. நான் எதைக் கீழ ஊத்திட்டு வேற எடுக்கட்டும்?" வயிற்றைக் காட்டினார். குரல் உயரவில்லை. கைதான் மேஜைமேல் படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த மனிதர் அந்தக் கையையே பார்த்தார். பார்த்துவிட்டு, ஜூஸ் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காவும் சின்னவளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் இருந்தேன். அவள் அக்காவுக்காகப் பட்டத்தையே பணயம் வைத்துப் பேசிவிட்டாள், அக்கா தோளில் கை போடுவார், சமாதானமாகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் அக்கா குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். உடனே அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா கேட்டீங்க?"

"சந்துல வந்து சொல்லுவா" என்றார். முகம் கல்லாக இருந்தது.

குழாயடியில் சாயங்காலக் கூட்டம். டீக்கடைக்காரர்தான் முதலில், அவருடைய பெரிய கேனோடு. கேன் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. அக்கா நேராகப் போய்க் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். தண்ணீர் நாலா பக்கமும் பீறிட்டு எல்லோர் மேலும் தெறித்தது.

"யாரும் பிடிக்காதீங்க. இவ சொல்றதக் கேட்டுட்டுப் பிடிங்க."

டாக்டரம்மா சொன்னாள். தங்கப் பொடியை, சிவப்பு வெளிச்சத்தை, பாதரசத்தை, டியூப்லைட்டுக்குள் இருக்கிற விஷத்தை, தொட்டித் தண்ணீர் இறங்குகிற குழியை. நன்றாகத்தான் சொன்னாள். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். என்ன பிரயோஜனம்?

"கெணறு தோண்டின நாள்லேர்ந்து குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?"

"கலங்கலா இருந்தாச் சொல்லு, நாத்தம் அடிச்சாச் சொல்லு. வெளக்கு அணைஞ்சா என்னம்மா, எங்க வீட்டுலயும் தெனம் கரண்டு போவுது!"

"இவளுக்குப் பட்டம் வாங்க நம்ம சந்துதான் கெடச்சுதா?"

கிடங்கு மேஸ்திரி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துவிட்டான். அவன் பின்னால் அக்காவின் வீட்டுக்காரர், புருவத்தில் வெள்ளையோடு. "கூட்டிட்டுப் போய்யா உன் பொண்டாட்டிய. முதலாளி தர்மத்துக்குக் குடுக்கற தண்ணிய மூடறாளா?" என்றான் மேஸ்திரி. அவர் ஓரடி முன்னால் வைத்து அங்கேயே நின்றுவிட்டார்.

"கைய எடும்மா, கடைக்கு நேரமாச்சு" என்றார் டீக்கடைக்காரர். முந்தின நாள் இரண்டு தம்ளரையும் தன் கண்ணால் பார்த்த மனிதர். எனக்கு அவரைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. என் சந்துக்காரர்கள் எல்லோரையும்.

அக்கா கையை எடுக்கவில்லை. முந்தானை நனைந்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கையின் பக்கம் திரும்பினார்.

"மிச்சத்தையும் சொல்லு."

"அக்கா, வேணாம்க்கா."

"பஸ்ல என் கிட்ட சொன்னத இவங்க கிட்டயும் சொல்லுடி."

அவள் தரையைப் பார்த்தாள். "நான் இந்தத் தண்ணியக் குடிக்கிறதில்ல" என்றாள்.

"சத்தமா."

"அந்தச் சோதனை பண்ணின நாள்லேர்ந்து நான் இந்தத் தண்ணியக் குடிக்கிறதில்ல. காலேஜ்லயே குடிச்சிடுவேன். ராத்திரிக்குப் பையில ஒரு பாட்டில் கொண்டாந்துடுவேன்."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. டீக்கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காவுக்கு?" என்று கேட்டார்.

"கொண்டு வரல."

டீக்கடைக்காரர் கேனின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். அவ்வளவு தண்ணீரும் எங்கள் கால்களை நனைத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. பின்னாலிருந்த பெண் தன் குடத்தைக் கவிழ்த்தாள். அதற்குப் பின்னாலிருந்தவளும் கவிழ்த்தாள். தங்கப் பொடி சொன்னபோது சிரித்தவர்கள், அவள் குடிக்கவில்லை என்றதும் நம்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் வந்து, மேஸ்திரி கத்தக் கத்தக் குழாயைத் திருகி மூடினார்.

அக்கா அப்போதுதான் கையை எடுத்தார். தங்கை அந்தக் கையைப் பிடிக்க வந்தாள். அக்கா அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார்.